சுவருக்கு இரு பக்கமும்

கேள்வி: பெர்லின் சுவர் எழும்பியபோது, அணுகுண்டு வைத்திருந்த அமெரிக்கா ஏன் அதை இடிக்கவில்லை?

பதில்: அணுகுண்டு இருந்ததால்தான்! எதிராளியான சோவியத் யூனியனிடமும் அது இருந்ததே. 1961 ஆகஸ்ட் 13-ல் முதலில் வந்தது வெறும் முள்கம்பி. மேற்கு பெர்லினுக்குப் போய்வரும் உரிமையில் கைவைக்காதவரை அமெரிக்க அதிபர் கென்னடி போருக்குத் தயாரில்லை. சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கோ கிழக்கிலிருந்து ஆள் கசிவது நின்றால் போதும். 1949 முதல் சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போயிருந்தார்கள். அக்டோபரில் செக்பாயிண்ட் சார்லி எல்லைச் சாவடியில் இரு தரப்பு டாங்கிகளும் விடிய விடிய முறைத்துக்கொண்டு நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. வல்லரசுகளின் தலைவலி தீர்ந்தது.

தெருவாசிகளுக்கு? பெர்னாவர் தெருவில் வீடு கிழக்கில், வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கில்! வாசலை அடைத்தார்கள், ஜனங்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் வலை விரித்து நின்றார்கள். வலை தப்பி விழுந்து செத்தவர்களும் உண்டு. கடைசியில் ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

போரைத் தவிர்த்ததற்காகக் கென்னடியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1962-ல், 18 வயது பீட்டர் ஃபெக்டர் மேற்கே தப்ப முயன்று குண்டடிபட்டுச் சுவரடியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ரத்தம் சிந்திக் கிடந்தான். அதுவரை எந்தப் பக்கத்துச் சிப்பாயும் அவனைத் தூக்கவில்லை. அதற்காக இரு தரப்பையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.