மஞ்சளுக்கு ஒரு வனேடியம்

கே: தென்னை ஓலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மஞ்சளாக ஒரு கரைசல் தயாரித்து, "மணிச்சத்து இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓலை பச்சை, கரைசல் மஞ்சள். எதை நம்புவது?
(தோப்புக்காரர், மம்சாபுரம்)

ப: மஞ்சளைத்தான். காய்க்கிற மரத்தில் 14ஆவது மட்டை ஓலையைக் கேட்டிருப்பார்களே! அதை உலர்த்திப் பொடித்து, நைட்ரிக், கந்தக, பெர்குளோரிக் அமிலங்களில் காய்ச்சினால் பச்சை போய்விடும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பாஸ்பேட்டாகக் கரைசலில் நிற்கும். மாலிப்டேட்டும் வனடேட்டும் கலந்த அமிலக் கரைசலை அதில் விட்டதும், ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவையும் சுற்றி ஓர் உலோக ஆக்சைடு கொத்து கட்டிக்கொள்கிறது. மஞ்சள் நிறம் அந்தக் கொத்துக்குச் சொந்தம். மணிச்சத்து கூடக் கூட மஞ்சளும் கூடும். 1908இல் மிஸ்ஸோன் என்பவர் எஃகில் இருக்கும் பாஸ்பரஸை அளக்க இந்த முறையைக் கொண்டுவந்தார். எஃகுக்கு வந்த வைத்தியம் உங்கள் தோப்புக்கும் பலிக்கிறது.

கே: இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?
(அதே தோப்புக்காரர்)

ப: வேண்டாம். பெர்குளோரிக் அமிலமும் காய்ந்த ஓலையும் முறை தவறிச் சந்தித்தால் வெடிக்கும். தேங்காய் பறிக்க ஆள் வேண்டாமா?

கே: கொத்து, கொத்து என்கிறீர்களே, யாராவது பார்த்திருக்கிறார்களா?
(ஆசிரியர், ராஜபாளையம்)

ப: எக்ஸ்-கதிர் பார்த்தது. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட்டை வேதியியலர் பெர்சீலியஸ் 1826இலேயே விவரித்துவிட்டார். உருவம் தெரியத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1933இல் மான்செஸ்டரில் கெக்கின் என்பவர் அதைப் பிடித்தார். அவர் ஆராய்ந்தது டங்ஸ்டன் உறவினரை, ஆனால் அச்சு ஒன்றுதான். நடுவில் நான்கு ஆக்சிஜனோடு பாஸ்பரஸ். சுற்றிலும் 12 உலோக அணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆக்சிஜன் கொண்ட எண்முகி. மூன்று மூன்றாகச் சேர்ந்து நான்கு கூட்டங்கள். பக்கத்து எண்முகிகள் ஆக்சிஜனைப் பங்கு போட்டுக்கொள்வதால், கூட்டிப் பார்த்தால் 40தான் தேறும். மொத்தக் குறுக்களவு சுமார் ஒரு நானோமீட்டர். இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கே: பன்னிரண்டும் மாலிப்டினமாக இருந்தாலே மஞ்சள்தானே? வனேடியம் எதற்கு?
(பிளஸ் டூ மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: நல்ல கேள்வி. அது வெளிறிய மஞ்சள். ஒளியை உறிஞ்சுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பக்கம். பன்னிரண்டில் ஒன்றை வனேடியமாக்கினால் உறிஞ்சல் நீல ஒளிக்குள் நன்றாக நீள்கிறது. அளக்கவும் வசதி. மாலிப்டினம் +6, வனேடியம் +5; ஆகவே கொத்தின் மின்சுமை -3 என்பது -4 ஆகிறது. கட்டடம் அப்படியே நிற்கிறது.

கே: என் வயல் மண்ணுக்கு நீலக் கரைசல் வைத்தார்களே?
(நெல் விவசாயி, மம்சாபுரம்)

ப: அதில் வனேடியம் கிடையாது. மண்ணிலிருந்து பயிர் எடுக்கக்கூடிய மணிச்சத்து சொற்பம். கூர்மையான முறை வேண்டும். சுண்ணாம்புச்சத்துள்ள மண் என்றால், 1954இல் ஓல்சன் சொன்னபடி சோடியம் பைகார்பனேட்டில் பிரித்தெடுத்து, மாலிப்டினம் கொத்தாக்கி, அஸ்கார்பிக் அமிலத்தால், அதாவது நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சியால், எலக்ட்ரான் ஊட்டுவார்கள். மஞ்சள் அடர்ந்த நீலமாகிவிடும்.

கே: வனேடியம் உள்ள கொத்துக்கும் எலக்ட்ரான் ஊட்டினால்?
(மீண்டும் அந்த மாணவி)

ப: இங்கேதான் விஷயமே இருக்கிறது. மாலிப்டினம் மட்டும் உள்ள கொத்தில், காலியான ராஜபாளையம் பஸ்ஸில் ஏறியவர் மாதிரி எலக்ட்ரான் பன்னிரண்டு இடங்களிலும் மாறி மாறி உட்காரும். ஒரு வனேடியம் இருந்தால் பெரும்பாலும் நேராக அங்கே போய் அமர்ந்துவிடும். +5 என்பது +4 ஆகும், கரைசல் பச்சை தட்டும். எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு என்ற சோதனையில் வனேடியம் தன் எட்டுக் கோடுகளைக் காட்டிக் கொடுப்பதால் இது தெரியவந்தது. ஓலைக் கரைசலில் எலக்ட்ரான் ஊட்டும் (ஒடுக்கும்) பொருள் மிஞ்சக்கூடாது என்று ஆய்வகத்தில் கவலைப்படுவதும் இதனால்தான். மஞ்சள் மாறினால் கணக்கும் மாறும்.

வாங்கிய எலக்ட்ரானைத் தக்க சூழலில் காற்றின் ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, கொத்து மறுபடி +5க்கு வந்துவிடும். வாங்கி, கொடுத்து, மறுபடி வாங்கி! வினையூக்கிக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா? மெத்தாக்ரோலினை மெத்தாக்ரிலிக் அமிலமாக்க இந்தக் குடும்பத்தை ஜப்பானில் 1982இலேயே தொழிற்சாலைக்குள் கொண்டுபோனார்கள். அக்ரிலிக் பலகைகளுக்கு மூலம் அந்த அமிலம். நம் ஊர்ப் பக்கம், ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் பி. விஸ்வநாதன் குழு வனேடியம் இல்லாத அண்ணனான சிலிக்கோடங்ஸ்டிக் அமிலத்தை எரிபொருள் மின்கலச் சவ்வுகளில் வைத்துப் பார்த்தது.

கே: ஒன்று நல்லதென்றால் இரண்டு வனேடியம் வைக்கலாமே?
(மில் தொழிலாளி, ராஜபாளையம்)

ப: வைக்கிறார்கள். ஆனால் இரண்டும் எங்கெங்கே அமரும் என்பதில் ஐந்து விதம் உண்டு; சாதாரணமாகத் தயாரித்தால் கலவைதான் கிடைக்கும். அதிகமாகச் சூடேற்றினால் வனேடியம் கொத்தைவிட்டு வெளியேறிவிடும் என்பது இன்னொரு தலைவலி.

கே: எங்கள் ஊர்ப் பால்கோவாவிலும் அந்த மஞ்சள் வருமா?
(இனிப்புப் பிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: தாராளமாக வரும். பாலிலேயே பாஸ்பேட் உண்டு. சுண்டச் சுண்ட அது செறிந்துவிடும். ஆனால் பால்கோவாவைச் சாம்பலாக எரித்து அமிலத்தில் கரைக்க வேண்டும். சோதனைக்கு ஒரு கிராம் போதும். மீதியை என் முகவரிக்கு அனுப்புங்கள்.