டேப் இயல்: மேக்ஃபைலில் மறைந்து நிற்கும் எழுத்து குறித்த ஓர் ஆய்வு

பில்ட் உடைவதற்கான காரணங்களை ஆராயப் புகுவோர் கண்ணுக்குத் தெரியாத பொருள்களிலிருந்து தொடங்குவதே முறை. தெரிகிற பொருளில் தவறு என்றால் பக்கத்து சீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அதற்கு ஆய்வு எதற்கு? ஆகவே இக்கட்டுரை கம்பைலர், லைப்ரரி, வெர்ஷன் முதலிய பெருந்தெய்வங்களை விட்டுவிட்டு, மேக்ஃபைலில் வரியின் தலையில் நிற்கும் டேப் என்னும் ஒற்றை எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 9. அகலம், அவரவர் எடிட்டரின் விருப்பம். உருவம் இல்லை.

முதலில் பிறப்பு. 1976இல், பெல் ஆய்வுக்கூடத்தில், யாக் நிரலை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் விதியைத் திட்டியபடி ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் வந்தார். சரியாக இருந்த நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதைத் தொலைத்திருந்தார். பிழையை முன்பே திருத்திவிட்டார்; திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யத்தான் மறந்துபோனார். முந்தின மாலை ஃபெல்ட்மனும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தார். அந்த வாரக்கடைசியில் பிறந்தது மேக். அதன் சித்தாந்தம் ஒரே வரி: பிறந்த கோப்பு, பிறப்பித்த கோப்பைவிடப் பழையதாக இருந்தால் மறுபடி செய், இல்லையேல் சும்மா இரு.

மேக் படிக்கும் மேக்ஃபைலின் அமைப்பும் அவ்வளவே எளிது. என்ன வேண்டும், அது எதைச் சார்ந்தது என்று முதல் வரி சொல்லும். எப்படிச் செய்வது என்று அதன் கீழ்வரி சொல்லும். அந்தக் கீழ்வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும்.

ஏன் டேப் எனின், லெக்ஸ் என்னும் கருவியைக் கற்றுக்கொள்ள ஃபெல்ட்மனுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. முதல் முயற்சி சிக்கலாகிவிடவே, "புது வரி, அடுத்து டேப்" என்ற எளிய அடையாளத்தை வைத்துச் சமாளித்தார். வேலை செய்தது, இருந்துவிட்டது. சில வாரம் கழித்து மாற்றலாமா என்று பார்த்தால், அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. பன்னிரண்டு நண்பர்களின் முகம் கோணக்கூடாது என்று எடுத்த முடிவுக்கு உலகத்துப் புரோகிராமர்கள் இன்றுவரை வட்டி கட்டுகிறார்கள். மேக் நிரலுக்காக 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது. டேப்புக்காக அல்ல என்று கொள்வதே நடுநிலை.

இனி, எட்டு ஸ்பேஸ் ஒரு டேப்புக்குச் சமம் அன்றோ என்பார் உளர். அன்று. திரையில் சமம், மேக்கின் முன்னால் சமமில்லை. ஸ்பேஸில் தொடங்கும் வரியைக் கட்டளை என்றே மேக் கருதாது, அதில் முக்காற்புள்ளியோ சமக்குறியோ இருக்கிறதா என்று தேடும், கிடைக்காவிட்டால் வரி எண்ணோடு "மிஸ்ஸிங் செபரேட்டர். ஸ்டாப்" என்று அறிவித்துப் படுத்துவிடும். க்னு மேக் என்னும் வடிவம் இதில் ஒரு படி மேலே. வரி எட்டு ஸ்பேஸில் தொடங்கினால், "எட்டு ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் என்று நினைத்தீர்களோ?" என்று கேட்கவும் செய்யும். நான்கு ஸ்பேஸ் என்றால் அந்தக் கரிசனம் கிடையாது. நோய் இன்னதென்று தெரிந்தும் மருந்து கொடுக்காத வைத்தியரை எந்த வகையில் சேர்ப்பது என்பதை வருங்கால ஆய்வாளருக்கு விடுகிறோம்.

இதனினும் கொடியது பேசாத பிழை. கட்டளை வரி நான்கு ஸ்பேஸில் தொடங்கி, அதற்குள் ஒரு சமக்குறியும் இருக்கிறது என்று வையுங்கள்: சிசி, சமக்குறி, ஜிசிசி, அடுத்து ஒரு ஸ்கிரிப்டின் பெயர். மேக் இதை ஒரு மாறிக்கு மதிப்புத் தருவதாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடும். எர்ரர் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. கடைசியில், செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற ஒரு தகவல் மட்டும் வரும். அதைப் பார்த்துப் பில்ட் முடிந்துவிட்டது என்று காபிக்குப் போனவர்களை இத்துறையில் எங்கும் காணலாம். தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை உருபு தொக்கி நின்றாலும் படிப்பவர் பொருள் கொள்வார். மேக்குக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

பாதிக்கப்பட்டவரின் நடத்தையும் ஆய்வுக்குரியதே. எந்த ஐடி அலுவலகத்திலும் அது ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறது:

"அண்ணா, நேத்து வரைக்கும் ஓடுச்சு. நான் எதையும் தொடலை."

"சரிப்பா. எதையும் தொடலைன்னா, கடைசியா எதைத் தொடலை?"

இதன்பின் சந்தேகம் ஒரு வரிசையில் நகரும்: முதலில் கம்பைலர், பிறகு நெட்வொர்க், பிறகு நேற்று லீவில் போனவர். எர்ரரிலேயே வரி எண் இருக்கிறது என்பது கடைசியில்தான் கண்ணில் படும். அந்த வரிக்குப் போனாலும் எல்லாம் அழகாகவே இருக்கும், ஏனெனில் அது எங்கோ ஒரு பிடிஎஃப்பிலிருந்து காப்பி பேஸ்ட் ஆனது. வரும் வழியில் டேப் ஸ்பேஸாகிவிட்டது. இங்கே பயன்படும் கருவி கேட் கட்டளை. அதற்கு ஹைஃபனும் பெரிய ஏ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் டேப் இருக்குமிடமெல்லாம் கேரட் குறியும் பெரிய ஐ எழுத்துமாகக் காட்டும், வரி முடிவில் டாலர் குறி வைக்கும். ஆப்பிள் கணினியில் அந்த ஏ செல்லாது. சின்ன இ, சின்ன டி போட வேண்டும். உருவமற்றதற்கு உருவம் கொடுத்துக் காட்டும் கருவி அரை நிமிடத்தில் கிடைக்கும்போது, அதை அரை நாள் கழித்துக் கையில் எடுப்பதே மரபாக இருக்கிறது.

டேப்பா ஸ்பேஸா என்ற பொது வழக்கில் வடகலை, தென்கலைக்கு நிகரான இரு சம்பிரதாயங்கள் உண்டு. யானைக்கு எந்த நாமம் என்று அங்கே சண்டை. வரிக்கு எந்த இடைவெளி என்று இங்கே. ஆனால் இரு தரப்பாரும் வசதியாக மறந்துவிடும் ஒன்று: மேக்ஃபைலில் டேப் கட்டாயம், யாமெல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விலக்கு. ஒரே ப்ராஜெக்டின் ஒரே ஃபோல்டரில் இரண்டும் அருகருகே குடியிருக்கின்றன. ஒரே எழுத்து ஒரு வீட்டில் ஆசாரம், அடுத்த வீட்டில் தீட்டு. யாமெலிடம் வேறு விசேஷமும் உண்டு: பைத்தான் வெர்ஷன் 3.10 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அதைத் தசம எண்ணாக்கி 3.1 என்று படித்துவிடும். 2021இல் பைத்தான் 3.10 வந்தபோது பல பில்டுகள் பழங்காலப் பைத்தானைத் தேடிப் போனது இப்படித்தான். அது தனி நூலுக்குரியது.

மேக்ஃபைலின் டேப்பிலிருந்து விமோசனமே கிடையாதா எனின், உண்டு. 2010இல் வந்த க்னு மேக் 3.82, டேப்புக்குப் பதிலாக நமக்குப் பிடித்த வேறொரு குறியை வைத்துக்கொள்ள அனுமதி தந்தது. மேக் பிறந்து 34 ஆண்டு கழித்து. ஆனால் ஆப்பிள் தன் கணினிகளோடு பல ஆண்டுகளாகத் தந்துவருவது 3.81. வரம் கிடைத்த பக்தருக்குக் கோயில் வாசல் ஒரு புள்ளி எண்ணில் தவறிப்போனது.

நடைமுறைத் தீர்வு எளிது. எடிட்டர்கன்ஃபிக் கோப்பில் மேக்ஃபைலுக்கு டேப், யாமெலுக்கு ஸ்பேஸ் என்று நாலு வரி எழுதி ரெப்போவில் கமிட் செய்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி, தங்கையிடம் எர்ரரின் முதல் வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மேக்ஃபைலைப் பிடிஎஃப்பில் மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.