கீழ்வீட்டுக்காரர்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நம் பாத்ரூமைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் கீழ்வீட்டுக்காரர். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். அவருடைய செல்போனில் பேரன் படம் நான்கு இருந்தால், பாத்ரூம் சீலிங்கின் படம் நாற்பது இருக்கும், தேதிவாரியாக.

"இது பொங்கலுக்கு எடுத்தது சார். இது ஆடியில. இலங்கை மாதிரி இருந்த கறை ஆஸ்திரேலியா ஆயிடுச்சு பாருங்க."

ஊரிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருப்பதை நாம் சொல்லாமலே சீலிங்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். "விருந்தாளிங்க எப்ப சார் கிளம்பறாங்க?" என்று விசாரிப்பதில் உபசாரம் எதுவும் கிடையாது.

"நாங்கதான் நாலு நாளா ஊர்லயே இல்லையே, எப்படிச் சொட்டும்?" என்று மடக்கினாலும் அசரமாட்டார். தாழ்த்திப் போட்ட ஸ்லாபில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லி தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, குளித்தவர் ஊருக்குப் போன பிறகும் நிதானமாகக் கீழே இறக்கும் என்று விளக்குவார். எரிச்சல் என்னவென்றால், அது உண்மை.

பழைய டைல்ஸை உடைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்பு வைத்துப் புது ஷவர் போட நாம் முடிவெடுத்தால், அவருடைய பொற்காலம் ஆரம்பமாகிறது. மேஸ்திரி வருவதற்கு முன்பே வாசலில் நிற்பார், டார்ச்சுடன்.

"டைல்ஸ் ஒட்டின பிறகு தண்ணி எப்படி சார் இறங்கும்?" என்பார் மேஸ்திரி.

"டைல்ஸ்ல இறங்காதுப்பா, ஜாயின்ட்ல இறங்கும். ஒயிட் சிமென்ட் தண்ணியக் குடிக்கும். அடியில வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சியா? சுவத்துல எவ்ளோ உயரம்?"

"ஒரு அடி சார்."

"ஷவர் ஏழடியில இருக்கு. இவர் என்ன, படுத்துக்கிட்டா குளிக்கப்போறார்?"

பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, தரையும் சுவரும் சேரும் மூலையை விரலால் தடவுவார். அங்கே வலை ஒட்டவில்லை. தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றி ஓர் ஊசி ஓட்டை. முதல் கோட் நெடுக்கில், இரண்டாவது கோட் குறுக்கில் அடித்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாகப் போயிருக்கின்றன.

"நான் இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன் சார்."

"நான் இருபது வருஷமா கீழ குடியிருக்கேன்."

மேஸ்திரி மறுபேச்சில்லாமல் பிரஷ்ஷை எடுப்பார்.

தண்ணீர் கட்டும் நாள்தான் அவருக்குத் தீபாவளி. டிராப்பை அடைத்து, தண்ணீர் நிரப்பி, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டுவிட்டுக் கீழே போவார். சாய்வு நாற்காலியைத் தம் பாத்ரூம் வாசலில் போட்டு, சீலிங்கை அண்ணாந்து பார்த்தபடி இரவைக் கழிப்பார். காலையில் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தால், ஒழுகவில்லை என்று அர்த்தம்.

அத்தோடு விட்டாரா? கடைசியாக வரும் கண்ணாடிக்காரர் தரையில் ட்ரில்லை வைத்த மறுகணம் மூச்சிரைக்க மாடியேறி வருவார். இவ்வளவு பாடுபட்டு அடித்த கோட்டிங்கில் நாலு ஓட்டை போட்டால் என்ன மிஞ்சும்? அவர் கேட்பது அதைத்தான், கொஞ்சம் உரத்த குரலில்.

பாத்ரூமை உடைக்கப்போகிறவர்களே, டைல்ஸ் நிறத்தை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். தண்ணீர் கட்டும் அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரருக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் 'சரி' என்று சொல்லும்வரை மேஸ்திரிக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.