மாஸ்டர் என்ன படிச்சிருக்கார்?

ஜிம் மாஸ்டர் வேலைக்கான தகுதிகள் வருமாறு: புஜம் பதினாறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பனியன் இரண்டு சைஸ் சின்னதாக இருக்க வேண்டும். போனில் சட்டையில்லாத படங்கள் போதிய அளவு இருக்க வேண்டும். நடிகர் யாராவது ஒருவரோடு தோளில் கைபோட்டு எடுத்த படம் இருந்தால் முன்னுரிமை. எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது, கட்டாயமில்லை.

கேலிக்காக எழுதியது என்று நினைக்கிறவர்கள், இந்த வேலைக்குச் சட்டம் கேட்கும் தகுதி என்ன என்று தேடிப் பார்க்கட்டும். ஒன்றும் கிடையாது. கரண்ட் ஆபீசில் புது கனெக்‌ஷன் கேட்டால் வயரிங் செய்தவரின் லைசென்ஸ் நம்பரைக் கேட்கிறார்கள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க 1948-ஆம் வருடச் சட்டப்படி பதிவுபெற்ற மருந்தாளுநர் வேண்டும். ஆட்டோக்காரரை நடுரோட்டில் நிறுத்தி லைசென்ஸ் எங்கே என்று கேட்கிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் தோளில் எண்பது கிலோ இரும்பை ஏற்றிவிட்டு, ‘உக்காந்து எழுந்திரிங்க சார்’ என்று சொல்ல மட்டும் எவனும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஃபிட்னஸ் டிரெய்னருக்கென்று பாடத்திட்டம் இருக்கத்தான் இருக்கிறது. இஷ்டமிருந்தால் படிக்கலாம். படிக்காமல் வந்தால் யாரும் வாசலில் மறிக்கப்போவதில்லை.

நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். வருமானவரிக் கணக்குப் பார்க்கும் மனிதர். நாள் முழுக்க நாற்காலி, பிரஷருக்கு மாத்திரை, முன்னால் தள்ளிய வயிறு. சொல்லிக்கொடுத்த பையன், போன வருடம் அதே ஜிம்மில் பீஸ் கட்டிக்கொண்டிருந்தவன். டெட்லிஃப்ட். தரையிலிருந்து பாரைத் தூக்க வேண்டும். இடுப்பு மடங்கி, முதுகு நேராக நிற்க வேண்டிய வேலை. மனிதருக்கு முதுகு வில்லாக வளைந்திருந்தது.

“தம்பி, கீழ் முதுகு பிடிக்கிற மாதிரி இருக்குப்பா.”

“பிடிக்கும் சார். இப்பதான் மசில் வேலையே செய்யுது. இன்னும் ரெண்டு!”

அந்த இரண்டு முடிந்ததும் இன்னொரு இரண்டு. பையன் கண் பூரா கண்ணாடியில், தன் புஜத்தின் மேல். அடுத்த வாரம் அந்த மனிதர் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். பளு தூக்குகிறவர்கள் கட்டும் பெல்ட் அல்ல, எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்த பெல்ட். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருந்தார். பணம் வராதாம். ‘ஃப்ரீஸ் பண்ணி வைக்கிறோம், குணமானதும் வாங்க சார்’ என்றார்கள். அவருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதையும் ஃப்ரீஸ் பண்ணியிருக்கலாம்.

புதிதாக வருகிறவரிடம் கேட்க ஏழே ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகம் முழுக்கப் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பார்-கியூ என்பார்கள். இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலி வருமா, தலைசுற்றி விழுந்ததுண்டா, மூட்டில் எலும்பில் தொந்தரவு உண்டா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற ரகம். ஐந்து நிமிட வேலை. நம்மூரில் கேட்பது இரண்டு: ‘வெயிட் குறைக்கணுமா, ஏத்தணுமா?’ ‘மூணு மாசப் பிளானா, வருசப் பிளானா?’ முதல் கேள்விக்குப் பதில் எதுவானாலும் பரவாயில்லை. இரண்டாவதற்கு மட்டும் சரியான பதில் உண்டு.

முதல் நாளே இருநூறு ஸ்குவாட் போடவைக்கிற வீரர்களும் இருக்கிறார்கள். பழக்கமில்லாத உடம்பில் தசை நார்கள் சிதைந்து, அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய் அடைக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போகும். டாக்டர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்று சொல்லி அவசரமாக அட்மிட் செய்வார்கள். மாஸ்டரிடம் கேட்டால், ‘உடம்புல இருக்குற கழிவெல்லாம் வெளிய போவுது சார், நல்லதுதான்’ என்பார்.

சரி, சான்றிதழே இல்லையா? ஏன் இல்லை, ரிசப்ஷன் சுவர் நிறைய மாட்டியிருக்கிறதே. தங்க நிற பார்டர், நடுவில் பூமி உருண்டை, அதன்மேல் ‘இன்டர்நேஷனல்’. அந்த சர்வதேச நிறுவனத்தின் தலைமையகம் டிபன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும். சனி, ஞாயிறு வகுப்பு. ஞாயிறு சாயந்திரம் பரீட்சை. ஃபெயிலானால் திரும்ப எழுதலாம், பாஸாகும்வரை எழுதலாம். அந்த நிறுவனத்தின் வரலாற்றில் ஃபெயிலானவர் என்று யாராவது இருந்தால், அது பணம் கட்டாதவராகத்தான் இருக்கும்.

வெறும் காகிதம் போதுமா, தானே விளையாடி வந்தவராக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்கும் பதில் ஃப்ளெக்ஸில் இருக்கிறது: மிஸ்டர் வடசென்னை, மிஸ்டர் செங்கை, மிஸ்டர் தமிழ்நாடு. ஆணழகன் போட்டி நடத்த எத்தனை சங்கங்கள் உண்டோ அத்தனை மிஸ்டர் தமிழ்நாடுகள் உண்டு. அந்தப் போட்டிக்காரர்களின் உழைப்பை நான் குறைசொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் நாக்கைக் கட்டுவது சாமானியமல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையில் நரம்பு புடைக்க நிற்கும் அந்த நாளில்தான் அந்த உடம்பு ஆகப் பலவீனமாக இருக்கும். தண்ணீரைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, தோலோடு தசை ஒட்டுமாறு வற்றடித்து நிற்கிறார்கள். ஃப்ளெக்ஸில் போடுவது அந்த நாளின் படத்தை. நாமும் அதைப் பார்த்துத்தான், நம் பிள்ளைக்கு பலம் ஏற்ற இவரே சரி என்று முடிவுகட்டுகிறோம்.

இன்னொரு ரகம், ‘முன்னாள் ஸ்டேட் பிளேயர்’. எந்த விளையாட்டு என்று கேட்டால், ‘எல்லாம்தான் சார்’ என்பார்.

2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ வந்து, சூர்யாவின் வயிற்றில் ஆறு கட்டிகள் தெரிந்ததிலிருந்து தெருவுக்கு ஒரு ஜிம் முளைத்தது. எல்லாருக்கும் மூன்று மாதத்தில் அந்த வயிறு வேண்டும். வேண்டுமென்றால் கொடுக்க வழியும் உண்டு, லாக்கருக்குள் இருக்கிறது. மெஃபென்டெர்மின் என்ற ஊசி மருந்து. ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் மயக்க ஊசி போட்டபின் நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால், அதைத் தூக்கி நிறுத்த மயக்க டாக்டர் கையில் எடுக்கும் மருந்து அது. அதை இருபது வயதுப் பையன் வொர்க்அவுட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்கிறான். சரிந்த பிரஷரை ஏற்றும் மருந்து, சரியாத பிரஷரை எங்கே கொண்டுபோகும் என்று கணக்குப் போட மாஸ்டருக்கு உடலியல் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசியும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியல் அதன்பாட்டுக்கு இருக்கிறது, ஊசி அதன்பாட்டுக்குப் போகிறது.

சோதனைக்கு உட்பட்ட விளையாட்டு வீரர்களின் லட்சணமே இப்படி: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், 5,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் பிடிபட்ட விகிதத்தில் இந்தியாவுக்கு முதலிடம். 5,606-ல் 213. சோதனையே இல்லாத நம்ம ஏரியா ஜிம்மின் விகிதத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

டெட்லிஃப்ட் சொல்லிக்கொடுத்த அந்தப் பையனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வராது. காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறான், ராத்திரி பத்துக்கு இறக்குகிறான். முதலாளி கொடுக்கும் சம்பளத்தில் முட்டை வாங்கவே கட்டாது. மீதியை அவனே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பர்சனல் டிரெய்னிங் பிடித்தால் பங்கு, புரோட்டீன் டப்பா விற்றால் கமிஷன். கமிஷனில் வாழ்கிறவனை எழுபது கிலோ மனிதருக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னால், கணக்கு டப்பாவில்தான் போய் முடியும். படித்தவரை வைத்தால் சம்பளம் கூட கொடுக்க வேண்டும். படித்தவர் ‘இந்த ஆளுக்கு இந்தப் பயிற்சி ஆகாது’ என்றும் சொல்லித் தொலைப்பார். அது வியாபாரத்துக்கு ஆகாது. டிரெட்மில்லுக்கு லட்சங்களைக் கொட்டிய முதலாளி, அதை ஓட்டச் சொல்லித்தருகிற ஆளுக்கு ஆயிரங்களில் பேரம் பேசுகிறார்.

படித்தவர்கள் இல்லாத ஊரா இது? ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கினார். ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. உடற்கல்விக்கென்றே மாநிலம் தனிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. எலும்பு, தசை, மூச்சு, அசைவு என்று முறையாகப் படித்து, மைதானத்தில் வெயில் குடித்து, வருடா வருடம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். வந்து எங்கே போகிறார்கள்? 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், கைத்தொழில் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் செய் என்று வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து கத்தியபின் 2024-ல் அது 12,500 ஆனது. பன்னிரண்டு வருடத்தில் 7,500 ரூபாய் உயர்வு. பட்டம் பெற்றவருக்கு அரசு போட்ட விலை இது. பட்டமில்லாத புஜத்தோடு ஒருமணி நேரம் நிற்க, அண்ணாநகரில் ஒரே வாடிக்கையாளர் மாதத்துக்கு அதற்குமேல் கொடுக்கிறார். ஆசிரியர் வயிற்றைக் கட்டிக்கொண்டு போராட, வாடிக்கையாளர் வயிற்றைக் குறைக்கப் பணம் கட்டுகிறார்.

விளையாட்டில் வந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் தூக்கினார். 2011 உலகக்கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர். விராட் கோலியை ஒலிம்பிக் பாணி பளுதூக்கலுக்குத் திருப்பிய சங்கர் பாசுவும் சென்னைக்காரர்தான். இந்திய அணிக்கு ஆள் கொடுத்த ஊர், தன் தெருக்காரன் முதுகைக் காப்பாற்ற ஆள் தேடவில்லை.

விளையாடியவரெல்லாம் சொல்லித்தரத் தெரிந்தவரும் அல்ல. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் விமானப்படை ஓட்டக்காரர். இந்தியாவுக்காக ஓடியதில்லை. பாட்டியாலாவுக்குப் போய்ப் பயிற்சிக் கலையைப் படித்தார். 1985-ல் துரோணாச்சாரியா விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் பாய்ட் எப்லி கோலூன்றித் தாண்டுகிறவராக இருந்து முதுகில் அடிபட்டு, இரும்பு அறைக்குள் போனவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1969-ல் அவரை பலப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டபோது தலைமைப் பயிற்சியாளர் போட்ட நிபந்தனை ஒன்றே: ஒரு ஆட்டக்காரன் வேகம் குறைந்தாலும் உன் வேலை போகும். ஆகவே மனிதர் எல்லாவற்றையும் அளந்தார். ஓட்டத்தை அளந்தார், தாவலை அளந்தார். 1978-ல் அவர் ஆரம்பித்த சங்கத்தின் சான்றிதழுக்கு இன்று பட்டப்படிப்பும் வேண்டும், பரீட்சையும் எழுத வேண்டும். இங்கே அளப்பது ஒன்றைத்தான். மாஸ்டரின் புஜத்தை.

பெற்றோரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நீட் கோச்சிங்கில் சேர்க்கும் அப்பா, வாத்தியார் எங்கே படித்தார், எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று வக்கீல் மாதிரி குறுக்குவிசாரணை செய்கிறார். அதே அப்பா பன்னிரண்டு வயதுப் பையனை கிரிக்கெட் அகாடமியில் ‘ஸ்ட்ரெங்த் கோச்’ கையில் ஒப்படைத்துவிட்டு வாட்ஸ்அப் பார்க்கிறார். வேகப்பந்து வீசும் வளரிளம் பையன்களுக்குக் கீழ்முதுகெலும்பில் விரிசல் விழுவது உலகறிந்த விஷயம். அதற்காகவே இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுவாரியாக நாளைக்கு இத்தனை ஓவர்தான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. இங்கே அந்தப் பையன் எட்டு ஓவர் வீசிவிட்டு வந்து பெஞ்ச் பிரஸ் போடுகிறான். அப்பாவுக்குப் பரம திருப்தி. “கோச் உடம்பு எப்படி வச்சிருக்கார் பாத்தீங்களா!” பார்த்தேன். உங்கள் பையன் முதுகைத்தான் யாரும் பார்க்கவில்லை.

போன மாதம் புதிதாகத் திறந்த ஜிம் ஒன்றில் சேர்க்கைப் படிவம் வாங்கிப் பார்த்தேன். நல்ல வழவழப்பான தாள். எழுத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டவை இரண்டு: காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, கட்டிய பணம் திருப்பித் தரப்படாது. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம், மாஸ்டர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் அவர் திரும்பித் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“அவரா சார்? நல்லா பண்ணுவார் சார்,” என்றாள். “வருசப் பிளான் எடுத்தா ஷேக்கர் ஃப்ரீ.”