சீமையில் ஆடியவர்

முப்பது வருஷம் பிற தேசத்தில் உத்தியோகம் பார்த்து, அங்கேயே வீடு வாசல் தேடி, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஊர் திரும்புகிறவரிடம் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால், "என்ன, அங்கேயும் வேலைதான், அங்கேயும் வரிதான்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். ஆனால் ஒரே ஒரு கோடைக்காலம் விமானம் ஏறிப் போய், அவ்வூர்ச் சில்லறைக் கோஷ்டி ஒன்றிலே சனிக்கிழமைதோறும் பந்தாடிவிட்டு வந்தவர் இருக்கிறாரே, அவர் அந்த மூன்று மாதத்தை ஆயுள் பரியந்தம் செலவழிப்பார். செலவழிக்கச் செலவழிக்க அது வளருமே தவிரக் குறையாது.

இந்த வர்க்கத்தார் எந்த ஊரிலும் அகப்படுவார்கள் என்றாலும், கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் விளைந்தவருக்குத் தனியான ஒரு பக்குவம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ரயில்வே உத்தியோகத்துக்கென்று வந்து இறங்கியவர்களின் பேட்டை அது. கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தா ஆசிரமமும் ரயில்வே குவார்ட்டர்ஸும் அண்டை அயலாக இருந்த அவ்விடத்தில், கால அட்டவணை பார்த்து வண்டி விடவும், இடது காலை முன்னே வைத்துப் பந்தைத் தடுக்கவும் நம்மவர்கள் ஒரே வெள்ளைக்கார எஜமானிடம்தான் கற்றுக்கொண்டார்கள். எஜமான் 1957-இல் கொடியை இறக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கொடி இறங்கிய இடமே அவர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த செலாங்கூர் கிளப் பாடாங்தான் என்பதனாலோ என்னவோ, ஆட்டம் மட்டும் அவரோடு போகவில்லை.

நான் சொல்லப்போகிற பிரகிருதியைப் பையன்கள் நேரில் "அங்கிள்" என்றும், முதுகு திரும்பியதும் "லங்காஷயர்" என்றும் அழைப்பது வழக்கம். எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிற பிராயம், சன்னமான தேகம், வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வட்டத் தொப்பி. இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கழுத்தைச் சுற்றி, இரண்டு கைகளையும் மார்பில் முடிச்சிட்டு, அங்கவஸ்திரம் போலப் போட்டுக்கொண்டிருக்கிறாரே, பாலாடை நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதுதான் ஆளை நிறுத்திப் பார்க்க வைக்கும். வெளியே 33 டிகிரி வெயில். எறும்புகூட நிழல் பார்த்து ஊர்கிற நேரம். அந்த வேளையில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கி, சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் திடலுக்கு அந்த ஸ்வெட்டரோடு அவர் வந்து சேருவார். "சாயங்காலம் காத்து மாறும் தம்பி, அப்ப தெரியும்" என்பார். கிள்ளானில் சாயங்காலம் காற்று மாறுவது உண்மைதான். கூடவே இடியும் மின்னலும் வந்து, ஆட்டமும் திடலும் ஒன்றாகக் கரைந்துபோகும்.

இவர் சீமைக்குப் போன கதை சுருக்கமானது. இங்கிருந்து பெண்பிள்ளைகள் தாதிப் பயிற்சிக்கென்று பிரிட்டனுக்குப் போன காலத்தில் இவருடைய மூத்த அக்காளும் போய், லங்காஷயரில் ஒரு சிற்றூரில் குடியமர்ந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த தம்பி, சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, 1976-ஆம் வருஷம் அக்காள் வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் அவ்வூர் கிரிக்கெட் சங்கத்தின் மூன்றாவது அணிக்குக் காப்டன். ஒரு சனிக்கிழமை அவரிடம் பத்துப் பேர்தான் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரு வாலிபர் துணி உலர்த்திக்கொண்டிருப்பதைக் கண்டார், இந்த நிறத்தவருக்கு கிரிக்கெட் தெரியாமல் இராது என்று அனுமானித்தார், கூப்பிட்டார். பிரிக்பீல்ட்ஸில் பன்னிரண்டாவது ஆளாகவே காலம் தள்ளி, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தும் அடுத்தவன் கையுறையைச் சுமந்தும் பழகிய மனிதர், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரே நொடியில் பதினொன்றாவது ஆளாகப் பதவி உயர்ந்தது இவ்விதந்தான்.

லங்காஷயர் என்பது சாமானிய க்ஷேத்திரமும் அல்ல. 1892-இல் தொடங்கிய லங்காஷயர் லீக்கில், பஞ்சாலைத் தொழிலாளிகள் நிரம்பிய சின்னச் சின்ன ஊர்கள் தத்தம் கோஷ்டிக்குச் சம்பளம் கொடுத்து உலகப் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை அமர்த்திக்கொள்ளும் சம்பிரதாயம் வெகுகாலம் நிலைத்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் லீரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை நெல்சன் என்ற ஊருக்கு ஆடி, ஒன்பது வருஷத்தில் ஏழு முறை அந்த ஊருக்கு வெற்றிக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். நம் கபில் தேவும் அதே நெல்சனுக்கு ஆடியிருக்கிறார். நம்மவருடைய அக்காள் வீட்டுத் தெருமுனையில் நெல்சனுக்குப் போகிற பஸ் நிற்குமாம். இந்த ஒரு பஸ்ஸைக் கொண்டு, தாம் பிறப்பதற்கு முன்பே அவ்வூரை விட்டுப் போய்விட்ட கான்ஸ்டன்டைனை "எங்க பக்கத்து ஊர்க்காரர்" என்று உறவு கொண்டாடுவதில் அவருக்குச் சிறிதும் கூச்சம் கிடையாது.

அதைவிட நெருங்கிய உறவு லால் சிங்கோடு. ஆட்டத்துக்குப் புதிதாக எந்தப் பையன் வந்தாலும், பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "மலாயாவிலேருந்து போய் இங்கிலாந்து மண்ணுல மட்டை பிடிச்சவங்க யாரு யாரு, சொல்லு பார்ப்போம்" என்று பாடத்தை ஆரம்பிப்பார். பையன் விழிப்பான். "முதல்ல லால் சிங்" என்று விரலை மடக்குவார். அதுவரை அவர் சொல்வதில் எள்ளளவும் குற்றமில்லை. 1909-இல் கோலாலம்பூரில் பிறந்த அந்தச் சீக்கியர், 1932 ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியபோது அணியில் ஒருவர். முதல் நாள் காலையிலேயே பந்துவீச்சாளர் நிஸார் இரண்டு தொடக்க ஆட்டக்காரரையும் கட்டை பெயர்த்து அனுப்ப, மகா கீர்த்தி பெற்ற பிராங்க் வூல்லியை லால் சிங் ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து மூன்று விக்கெட்டுக்கு 19 ரன் என்று தத்தளித்தது. ஆட்டம் கடைசியில் 158 ரன்னில் கைவிட்டுப் போனது வாஸ்தவம். ஆயினும் இரண்டாவது இன்னிங்ஸில் எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் எழுந்திருக்கும் சமயத்தில், அமர் சிங்கும் இவரும் சேர்ந்து 74 ரன் அடித்தார்கள். அதில் இவர் பங்கு 29. பிற்பாடு ஊர் திரும்பி, 1985-இல் கோலாலம்பூரிலேயே காலமானார். இவ்வளவையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு நம்மவர் இரண்டாவது விரலை மடக்கி, பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் தூரத்தைப் பார்ப்பார். யாராவது ஒருவர் "அப்புறம் நம்ம அங்கிள்" என்று சொல்லித் தொலைக்கும்வரை விரல் மடங்கியபடியே இருக்கும்.

அவருடைய பிரதாபத்தின் சிகரமான அந்த இன்னிங்ஸைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் முதன்முதலில் கேட்டபோது அது பதினேழு ரன், ஆட்டமிழக்காமல். சில தீபாவளிகள் கழித்துக் கேட்டபோது முப்பதைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒரு நாள், உற்சாக மிகுதியால், ஆட்டம் முடிந்ததும் தமக்காகத் தொப்பியை ஏந்திப் பார்வையாளர்களிடம் வசூல் செய்தார்கள் என்று ஒரு விவரத்தைச் சேர்த்துவிட்டார். லங்காஷயர் லீக்கில் அந்த வழக்கம் மெய்யாகவே இருந்தது. ஆனால் மட்டை பிடித்தவன் ஐம்பது ரன் அடித்தால்தான் வசூல். இந்தச் சட்டம் ஒரு பையனுக்குத் தெரிந்திருந்தது, கேட்டும்விட்டான். வசூலை வாபஸ் வாங்க முடியாத நிலையில், ரன்தான் ஐம்பத்திரண்டுக்கு ஏறவேண்டியதாயிற்று. மூன்றாவது அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஒரு கிழவரும் அவருடைய நாயும் மாத்திரமே என்று அவரே வேறொரு சமயம் சொல்லியிருக்கிறார். தொப்பியில் விழுந்த தொகையைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

சீமையிலிருந்து அவர் இறக்குமதி செய்ய முயன்ற சம்பிரதாயங்களில் தலையாயது டீ இடைவேளை. அங்கே ஆட்டத்தின் நடுவே சங்கத்துப் பெண்மணிகள் மேஜை போட்டு, ரொட்டித் துண்டுக்கு நடுவில் வெள்ளரிக்காயை மெல்லியதாகச் சீவி வைத்து, கேக்கும் தேத்தண்ணியும் பரிமாறுவார்கள். அந்த மேஜைதான் கிரிக்கெட், மற்றதெல்லாம் மேஜைக்குப் போகும் வழி என்பது அவர் சித்தாந்தம். ஒரு சனிக்கிழமை தம் சொந்தச் செலவில் முப்பது வெள்ளரி சாண்ட்விச் தயாரித்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பையன்கள் வழக்கமாக இடைவேளையில் வாழை இலையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கைப் பிரித்து, ஓரத்தில் வைத்திருக்கும் இரண்டு வெள்ளரித் துண்டுகளை மாத்திரம் கவனமாக ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுகிறவர்கள். ஒதுக்கும் வஸ்துவையே உணவாகக் கண்டதும் சற்றுத் திகைத்தார்கள். பிறகு மரியாதைக்காக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். முதல் கடியிலேயே விக்கெட் கீப்பர், "அங்கிள், இதுல டேஸ்ட்டே இல்ல லா" என்று சொல்லி, ரொட்டியைப் பிளந்து, பொட்டலத்திலிருந்து சம்பலை வழித்து உள்ளே தடவி, நெத்திலியும் நாலு வைத்து மூடினான். அடுத்த நிமிஷம் முப்பதும் அப்படியே ஆயின. ஒன்றைத் தவிர எல்லாம் தீர்ந்தும் போயின. அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மீந்த ஒன்றை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சம்பலோடுதான் சாப்பிட்டார், நான் பார்த்தேன்.

உள்ளூரில் நடக்கும் எந்த அதிசயமும் அவரை அசைக்காது. 2023 ஜூலையில், இதே கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலில், மலேசியாவின் ஷஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக நான்கு ஓவரில் எட்டே ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஏழும் கட்டை பெயர்ந்த விக்கெட்டுகள். ஆண்களின் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் மனிதர் என்று உலகமே பேசியது. எதிரணி 23 ரன்னில் சுருண்டது. பையன்கள் ஆரவாரத்தோடு இந்தச் செய்தியைச் சொன்னபோது, அங்கிள் ஸ்வெட்டர் முடிச்சைச் சரிசெய்துகொண்டு, "நல்லாத்தான் போட்டிருக்கான். லங்காஷயர் மேகமூட்டத்துல போட்டிருந்தா இன்னும் ரெண்டு விழுந்திருக்கும்" என்றார்.

இந்த மேகமூட்டத்தில்தான் அவருக்கு ஒரு சோதனை வந்தது. அவருடைய சீமைக் கதைகளில் பாதிக்குமேல் குளிரும் தூறலும்: விறைத்த விரலில் பந்து பட்டால் எலும்புக்குள் மணி அடிக்கும் என்பார், தூறல் நிற்கட்டும் என்று மூன்று மணி நேரம் கொட்டகையில் ஒதுங்கி நின்றதை, துளித் துளியாக வர்ணிப்பார். ஸ்கோர் புத்தகம் எழுதுகிற பையன் ஒருவன், கைப்பேசியும் கையுமாக இருக்கிறவன், 1976-ஆம் வருஷத்து இங்கிலாந்துக் கோடையைத் தேடிப் பார்த்துவிட்டான். அந்த வருஷம் ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாள் தொடர்ச்சியாக, இங்கிலாந்தில் ஏதேனும் ஓரிடத்தில் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டிருக்கிறது. குளங்கள் வறண்டு, சில ஊர்களில் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஜனங்கள் வாளியோடு நின்று, பார்லிமெண்டில் வறட்சிக்கென்று சட்டம் இயற்றி, ஆகஸ்ட் கடைசியில் அதற்கென ஒரு மந்திரியையும் நியமித்தார்கள். மந்திரி வந்த சில தினங்களில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் நம்மவர் விடுப்பு முடிந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

பையன் இதைச் சொன்னதும் எனக்கு அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் ஞாபகத்துக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் படம்; கீழே 1976 என்று பொறித்த அட்டை. பதினொரு பேர் வரிசையாக நிற்கிறார்கள், அங்கிள் கோடியில். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு நிற்கிறார்கள். காலடியில் புல் வைக்கோலாக வெளுத்திருக்கிறது. படம் முழுவதும் தேடினாலும் ஒருவர் உடம்பிலும் ஸ்வெட்டர் கிடையாது. கம்பளி வாங்குவார் அற்றுப்போன அந்த வெயிலில், ஏதோ ஒரு கடையில் மலிவு விலைக்குத் தள்ளியதைத்தான் ஊருக்குப் புறப்படும்போது வாங்கியிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். அங்கிள் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். தயக்கமே இல்லை. "32 டிகிரிதான். யாரு இல்லைன்னது? ஆனா அது சீமை வெயில் தம்பி. வெயிலுக்கு உள்ளேயே ஒரு குளிர் இருக்கும். நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும்" என்றார். நின்று பார்த்தவர் அங்கே அவர் ஒருவரே ஆகையால், வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று.

போன வருஷம் அந்த விக்கெட் கீப்பருக்கு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கோடை விடுமுறையில் அங்குள்ள சங்கமொன்றுக்கு ஆடவும் ஏற்பாடாயிற்று. பெற்றோர் பையனை அழைத்துக்கொண்டு ஆசீர்வாதத்துக்கு வந்தார்கள். அங்கிள் அன்றைக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை உபதேசம் செய்தார்: ஸ்வெட்டர் மூன்று வேண்டும்; மே மாதத்துப் பந்தை வெட்டி ஆடலாகாது; இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஏமாந்து சாப்பாட்டை மறந்துவிடக் கூடாது; சாண்ட்விச்சைப் பிளக்கவே கூடாது. பையனின் தாயார் பாட்டில் சம்பல் கொடுத்தனுப்புவதாக இருந்தார். அதை அங்கிள் காதில் வாங்காதவராகப் பாவித்தார். கடைசியாக, பரம வாத்ஸல்யத்தோடு, "எந்த ஊருப்பா?" என்று கேட்டார்.

"லீட்ஸ் பக்கம் அங்கிள். யார்க்ஷயர்."

லங்காஷயருக்கும் யார்க்ஷயருக்கும் நடுவே ஒரு மலைத்தொடர்தான் குறுக்கே நிற்கிறது. மனத்தாங்கலோ ரோஜாப் பூவைக் கொடியில் தாங்கி இரண்டு ராஜ குலங்கள் சண்டையிட்ட நாளிலிருந்து வருவது. மூன்று மாதக் குடியிருப்பில் அங்கிள் அந்த மனத்தாங்கலை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் விபூதி மடலை எடுத்துப் பூசி அனுப்பிவிட்டார்.

பையன் செப்டம்பரில் விடுமுறைக்கு வந்தான். கிள்ளான் திடலில் நண்பர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்கள். கைப்பேசியில் அந்தச் சங்கத்தார் பதிந்து வைத்த ஸ்கோர் அட்டையே இருந்தது: 63 ரன், தேதியோடு, எதிரணியின் பேரோடு, எத்தனை பந்தில் என்ற கணக்கோடு. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த அங்கிளிடமும் அவன் பணிவாகக் கொண்டுபோய்க் காட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் படித்தார்.

"நல்லா ஆடியிருக்கே தம்பி" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவை போறப்ப அப்படியே ஒரு பஸ் பிடிச்சு, மலைக்கு இந்தப் பக்கம் வந்துடு. இங்கிலாந்தையும் பார்த்த மாதிரி இருக்கும்."