பாதி அருவி

கேள்வி: கல்வராயன் மலையில் மேகம் அருவியைப் படம் பிடித்தேன். வீட்டு பிரிண்டரில் ஏ3 தாளில் அச்சிட்டால் மேல் பாதிதான் வருகிறது. கீழே வெறும் வெள்ளை. மூன்று போட்டோ தாள் வீண். என்ன கோளாறு?
(கள்ளக்குறிச்சி வாசகர்)

பதில்: கோடையில் எடுத்த படமென்றால் பிரிண்டரைத் திட்டாதீர்கள், அருவியே அப்படித்தான் இருந்திருக்கும்! விழுப்புரத்தைப் பிரித்து உங்கள் மாவட்டத்தை 2019-இல் உண்டாக்கியதற்காவது அரசாணை இருந்தது. படத்தைப் பிரிக்க பிரிண்டருக்கு யார் அனுமதி தந்தது?

மூன்று தாளையும் அடுக்கிப் பாருங்கள். வெட்டு ஒரே இடத்தில் விழுந்திருந்தால், பெரும்பாலும் தாள் அளவில்தான் தப்பு. ஏ4-இன் நீளம் 297 மி.மீ., ஏ3-க்கு 420. மென்பொருள், பிரிண்டர் டிரைவர் இரண்டிலும் ஏ3 என்றே இருக்க வேண்டும். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதை மறப்பது நம் எல்லோருக்கும் கைவந்த கலை.

தாளுக்குத் தாள் வெட்டு இடம் மாறுகிறதா? அப்படியானால் தரவு வழியில் நின்றுபோகிறது. 4 எம்பி ஜேபெக் என்று ஏமாறாதீர்கள். 300 டிபிஐ-யில் ஏ3 என்றால் 3508 × 4961 புள்ளிகள். விரித்தால் சுமார் 52 எம்பி. மரவள்ளி லாரி மாதிரி, ஏற்றியபின்தான் கனம் தெரியும். சி டிரைவில் இடம் காலி செய்யுங்கள். வரிசையில் தேங்கிய பழைய அச்சு வேலைகளை நீக்குங்கள். ‘முழுதும் ஸ்பூல் ஆனபின் அச்சிடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வைஃபையை விட்டு யுஎஸ்பி கேபிளுக்கு வாருங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டாம்.

அதுவரை சாதா ஏ3 தாளிலேயே சோதியுங்கள். நான்காவது போட்டோ தாளைத் தொடாதீர்கள்!