பாம்பும்தான் படம் எடுக்குது

வா மருமோன், இரு. வெள்ளவத்தை ஸ்டூடியோவிலை மூண்டு மணித்தியாலம் மினக்கெட்டு எடுத்த கலியாணப் படம் உதுதானோ? கொண்டா பாப்பம்.

கோட்டு நல்லாக் கிடக்கு. முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கினது படத்திலை விழேல்லை. நிறமும் நல்ல நிறம்தான், ஆனா உன்ரை நிறமில்லை. ரொறன்ரோப் பெட்டை கட்டுநாயக்காவிலை வந்திறங்கி உந்தப் படத்திலை இருக்கிறவனைத்தான் தேடுவாள். நீ மாலையோடை முன்னுக்கு நிண்டாலும், "அண்ணை, கொஞ்சம் விலத்துங்கோ" எண்டுதான் சொல்லுவாள்.

கோவிக்காதை. பாம்பும்தான் படம் எடுக்குது, ஆளை வெருட்ட. நீ எடுத்ததும் அந்த வகைதான்.

நான் கொட்டாஞ்சேனையிலை அறை எடுத்து இருந்த காலத்திலை லூசியா பேராலயத்துக்கும் எட்டிப் பாப்பன். நான் சைவக்காரன்தான். எண்டாலும், தன்ரை இரண்டு கண்ணையும் தட்டிலை ஏந்தி நிக்கிற அந்த அம்மாளைக் கண்டா எங்கடை கண்ணப்பர்தான் ஞாபகம் வருவார். இரண்டு பேரும் கண்ணை வைச்சிருந்து பேர் எடுக்கேல்லை, மோனை. குடுத்துத்தான் எடுத்தவை. படத்துக்கு இருக்கிறதும் அப்பிடித்தான்.

ஜூலியா மார்கரெட் கமரன் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. 48 வயசிலை, மகளும் மருமோனும் வாங்கிக் குடுத்த கமராவாலை தொடங்கினவ. வீட்டு வேலைக்காரியை மாதாவாக்கினா, புருசனை மந்திரவாதி மெர்லினாக்கினா. அப்ப கண்ணாடித் தகட்டிலை மருந்து பூசி, அது காயமுந்தி எடுத்துக் கழுவ வேணும். இருக்கிற ஆள் நிமிசக்கணக்கா அசையப்படாது. முதல் நிமிசம் எவனும் மார்பை நிமித்தி வீரம் காட்டுவான். பிறகு களைப்பான். அந்தக் களைப்பிலைதான் உள்ளுக்கை கிடந்த முகம் மெல்ல வெளியிலை வரும். படம் மங்கல் எண்டு அந்தக் காலத்திலை கனபேர் நக்கலடிச்சவை. இண்டைக்கு அந்த மங்கலுக்குத்தான் மவுசு.

1875 இலை, கோப்பித் தோட்டக்காரப் புருசனோடை இலங்கைக்கு வந்து சேந்தா. வரேக்கை பிரேதப் பெட்டியையும் கப்பலிலை ஏத்தினவையாம். அதுக்குள்ளை பீங்கான் கோப்பையள் அடுக்கி! இஞ்சையும் சும்மா இருக்கேல்லை. தோட்டத்துத் தமிழ்ச் சனத்தை நிப்பாட்டிப் படமெடுத்தா. அவையின்ரை பேர் எங்களுக்கு வரேல்லை, முகம் வந்து சேந்துது. 1879 இலை மலைநாட்டிலை கண்ணை மூடினா. பொகவந்தலாவையிலை கிடக்கிறா.

நீ நாடகம் பாக்கப் போற மண்டபத்துக்குப் பேர் குடுத்த லயனல் வென்டும் லேசுப்பட்ட ஆளில்லை. வெளிச்சத்தையும் நிழலையும் மாவாப் பிசைஞ்ச மனிசன். 1944 இலை, 44 வயசிலை போயிட்டார். பிறகு நெகட்டிவ் எல்லாத்தையும் அழிச்சுப் போட்டினம். அவர் அச்சடிச்சு வைச்சதுதான் மிச்சம், அதுவே பேர் சொல்லுது. நீயோ போனுக்குள்ளை ஆயிரக்கணக்கா உன்ரை மூஞ்சையே அடைச்சுப் போட்டு, இடம் காணேல்லை எண்டு அழுகிறாய்.

ஒரு புத்தி சொல்லுறன், கேட்டாக் கேள். நாளைக்குப் பின்னேரம் கோட்டைக் கழட்டி எறிஞ்சு போட்டு, கடல் பக்க யன்னலடியிலை கதிரையைப் போடு. சாயிற வெயில் ஒரு கன்னத்திலை விழட்டும், மற்றது நிழலிலை கிடக்கட்டும். முதல் மூச்சை விடு. பிறகு "நான் ஆர் தெரியுமோ" எண்டு நெஞ்சுக்குள்ளை ஒருத்தன் நிக்கிறானல்லோ, அவனையும் விடு. மிச்சம் இருக்கிறதை எடுக்கச் சொல்லு.

என்ரை படமோ? போன மாசமே எடுத்தாச்சு. கல்வெட்டுக்குத்தான், வேறை என்னத்துக்கு? கிழவி பெட்டியோடை வந்தா, நான் படத்தோடை இருக்கிறன். ஸ்டூடியோப் பொடியன், "ஐயா, கொஞ்சம் வெள்ளையாக்கி விடட்டோ?" எண்டான். வேண்டாம் ராசா எண்டன். யமன் ஆளைத் தேடி அலையக்கூடாது, பாவம்.